முன்னோடிக் கலையும் மலிவுக் கலையும்: ஏலமலை அடிவாரத்திலிருந்து ஒரு வரலாறு

முன்னோடிக் கலைக்கும் மலிவுக் கலைக்கும் இடையே உள்ள முரண்பாடு 20-ஆம் நூற்றாண்டுப் பண்பாட்டு வரலாற்றில் அதிகம் விவாதிக்கப்பட்ட பொருள்களுள் ஒன்று. முன்னோடிக் கலை என்பது பழகிய வழியை விட்டுப் புதிய வடிவத்தைத் தேடும் கலை. வாசகரோ பார்வையாளரோ கொஞ்சம் உழைத்தால்தான் அது பிடிபடும். மலிவுக் கலை ஏற்கெனவே பழகிப்போன உணர்ச்சிகளை ஆயத்தமாகச் சமைத்துக் கையில் கொடுத்துவிடும். மேலைநாட்டில் முன்னதை ‘அவாங்கார்ட்’ என்றும் பின்னதை ‘கிட்ஷ்’ என்றும் அழைப்பர். தமிழில் இந்த விவாதம் ‘தீவிர இலக்கியம் – வணிக இலக்கியம்’, ‘சிற்றிதழ் – வெகுஜன இதழ்’ என்ற பெயர்களில் நடந்தது.

இந்த விவாதத்தின் தமிழ் வரலாற்றில் போடிநாயக்கனூரைச் சுற்றியுள்ள ஏலமலை அடிவாரப் பகுதிக்குத் தனி இடம் உண்டு. வணிக இதழ்களுக்கு எதிராக ‘எழுத்து’ இதழை நடத்திய சி.சு. செல்லப்பா, புதுக்கவிதையைப் பெருந்திரளான வாசகரிடம் கொண்டுசேர்த்த மு. மேத்தா, அதைத் திரைப்பாடலுக்குள் கொண்டுவந்த வைரமுத்து, கிராமத் திரைப்படத்துக்குப் புது முகம் தந்த பாரதிராஜா, நாட்டார் மெட்டைத் திரையிசையின் நடுவே வைத்த இளையராஜா ஆகியோர் இந்தப் பகுதியோடு பிறப்பாலோ குடும்ப வேராலோ தொடர்புடையவர்கள். முரணின் இரு கரைகளையும் ஒரே வட்டாரத்தில் வைத்துப் பார்க்க இது நல்ல வாய்ப்பு.

சொற்களின் பொருள்

‘அவாங்கார்ட்’ பிரெஞ்சு இராணுவச் சொல். பெரும்படைக்கு முன்னே சென்று வழி பார்க்கும் சிறு படையை அது குறித்தது. தூசிப்படை என்ற பழந்தமிழ்ச் சொல்லும் ஏறத்தாழ இதே பொருளுடையது. 19-ஆம் நூற்றாண்டில் இச்சொல் கலைக்கும் அரசியலுக்கும் இடம்பெயர்ந்தது. ‘கிட்ஷ்’ ஜெர்மன் சொல். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மியூனிக் நகர ஓவியச் சந்தையில், விரைவாக வரைந்து மலிவாக விற்கப்பட்ட படங்களைக் குறிக்க அது புழங்கத் தொடங்கியது.

இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் புகழ்பெற்ற கட்டுரையை எழுதியவர் அமெரிக்கக் கலை விமர்சகர் கிளமென்ட் கிரீன்பெர்க் (1909–1994). 1939-இல் ‘பார்ட்டிசன் ரிவ்யூ’ இதழில் அது வெளிவந்தது. அவருடைய வாதத்தைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். தொழிற்புரட்சி கிராமத்து மக்களை நகரத்துக்குக் கொண்டுவந்தது. அவர்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள். ஆனால் பழைய நாட்டார் கலை கிராமத்திலேயே நின்றுவிட்டது. உயர் கலையைப் பயில அவர்களுக்கு ஓய்வும் வசதியும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப ஆலைச்சரக்கு போல ஒரு கலை உற்பத்தியானது. முன்னோடிக் கலை, கலை உருவாகும் முறையை ஆராய்கிறது; மலிவுக் கலை, கலை உண்டாக்கும் விளைவை மட்டும் நகலெடுக்கிறது என்பது அவர் வகுத்த வேறுபாடு. ஸ்டாலின், ஹிட்லர், முசோலினி ஆட்சிகள் மலிவுக் கலையை ஏன் விரும்பின என்பதையும் அவர் விளக்கினார். மக்களை எளிதில் தம் பக்கம் இழுக்க அதுவே அவர்களுக்குக் கைவந்த கருவியாக இருந்தது.

அதே கட்டுரையில் ஒரு சறுக்கலும் உண்டு. ருஷ்ய ஓவியர் இல்யா ரேபின் வரைந்த போர்க்காட்சி ஒன்றை மலிவுக் கலைக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டு அவர் நீளமாக வாதிட்டார். ரேபின் அப்படி ஒரு போர்க்காட்சியை வரையவே இல்லை என்பதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். பிறருடைய ரசனையைக் குறைத்து மதிப்பிட முனையும்போது எதிரே உள்ள படைப்பையே சரியாகப் பார்க்காமல் போகும் ஆபத்து உண்டு என்பதற்கு இது நினைவில் வைக்கத்தக்க சான்று.

போடி வட்டார வாசகருக்கு இந்த வேறுபாட்டை ஏலக்காயைக் கொண்டு சொல்லலாம். மலையிலிருந்து பறித்து வரும் காயை ஸ்டோரில் உலர்த்தி, சலித்து, அளவுக்கும் நிறத்துக்கும் ஏற்பத் தரம் பிரித்து ஏலத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பச்சை நிறத்துக்கு விலை அதிகம் என்பதால் சாயமேற்றும் முறைகேடும் இந்த வணிகத்தில் அவ்வப்போது தலைதூக்குகிறது. சாயமேறிய காய் நல்ல காயைவிடப் பச்சையாகத் தெரியும். நல்ல காயின் பச்சை, அது விளைந்து பக்குவமாக உலர்ந்ததன் விளைவு. சாயக்காயில் அந்த விளைவு மட்டும் மேலே பூசப்பட்டிருக்கிறது. கிரீன்பெர்க் சொன்னதும் ஏறத்தாழ இதுதான்.

பிரிவினைக்கு முந்தைய காலம்

தமிழ் உரைநடையின் தொடக்கத்தில் இந்தப் பிரிவினை கூர்மையாக இல்லை. தமிழின் முதல் இலக்கியத் தரமான நாவல்களுள் ஒன்றாகக் கருதப்படும் ‘கமலாம்பாள் சரித்திரம்’ ஒரு தொடர்கதை. வத்தலக்குண்டைச் சேர்ந்த பி.ஆர். ராஜம் ஐயர் (1872–1898) அதை 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ இதழில் எழுதினார். தொடராக வருவதாலேயே ஒரு படைப்பு தரம் குறைந்ததாகிவிடாது என்பதற்கு முதல் சான்று இந்த வட்டாரத்திலிருந்தே கிடைக்கிறது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலை மாறியது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலியோர் ஆங்கில மர்ம நாவல்களைத் தழுவி ஏராளமாக எழுதினர். அவற்றுக்குப் பெரும் வாசகர் கூட்டம் இருந்தது. பள்ளிக்கூடங்கள் பெருகின, அச்சகங்கள் பெருகின, ரயில் பாதைகள் நீண்டன. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயில் வந்தது 1928-இல். எஸ்.எஸ். வாசன் ‘ஆனந்த விகடன்’ இதழை வாங்கியதும் அதே 1928-இல்தான். இரண்டுக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் மலையிலிருந்து தேயிலையும் ஏலமும் கீழே இறங்கிச் சென்ற வழியாகவே நகரத்துச் சரக்கும் நகரத்து அச்சும் மேலே வந்தன. கிரீன்பெர்க் ஐரோப்பிய நகரங்களைப் பற்றிச் சொன்ன புதிய வாசகர் திரள் இங்கே சிற்றூர்களிலும் உருவாகத் தொடங்கியது.

மணிக்கொடி

1933-இல் கே. சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் ஆகியோர் தொடங்கிய ‘மணிக்கொடி’, 1935-இல் சிறுகதை இதழாக மாறியது. அந்த மாற்றத்துக்குப் பொறுப்பேற்றவர் வத்தலக்குண்டைச் சேர்ந்த பி.எஸ். ராமையா (1905–1983). புதுமைப்பித்தன், கு.ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி, மௌனி ஆகியோரின் கதைகள் வழியாகத் தமிழ்ச் சிறுகதை உலகத் தரத்தை எட்டியது இந்தச் சில ஆண்டுகளில்தான். இதழோ நீடிக்கவில்லை. அதன் வரலாற்றை ராமையா ‘மணிக்கொடி காலம்’ என்ற நூலாகப் பின்னாளில் எழுதினார். அந்நூலுக்கு 1982-இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.

மணிக்கொடிக்கு எதிர்ப்புறம் நின்றவராக அடிக்கடி சொல்லப்படுபவர் கல்கி. விகடனில் புகழ்பெற்ற அவர் 1941-இல் ‘கல்கி’ இதழைத் தொடங்கினார். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை அதில் தொடராக வந்தது. வீடுதோறும் படிப்பவரை உருவாக்கியது கல்கியின் சாதனை. இந்தச் சாதனையை மறுத்துவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது. ஆனால் வாசகர் எண்ணிக்கையே இலக்கியத்தின் அளவுகோல் என்ற எண்ணமும் அதனுடன் வேரூன்றியது. விவாதம் கல்கி என்ற தனிமனிதரைப் பற்றியதைக் காட்டிலும் இந்த அளவுகோலைப் பற்றியதாகவே இருந்தது.

சி.சு. செல்லப்பாவும் ‘எழுத்து’ இதழும்

சி.சு. செல்லப்பா (1912–1998) பெயரின் முதலெழுத்து, போடிக்குத் தெற்கே உள்ள சின்னமனூரைக் குறிக்கும். அவர் வளர்ந்தது வத்தலக்குண்டில். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். மணிக்கொடியில் சிறுகதை எழுத்தாளராக அறிமுகமானார். 1950-களில் தமிழ்ச் சிறுகதையும் நாவலும் தேங்கிவிட்டன என்று அவரும் க.நா. சுப்ரமண்யமும் கட்டுரைகள் எழுதினர். அந்தக் கருத்துகளுக்குப் பெரிய இதழ்களில் தொடர்ந்து இடம் கிடைக்காது என்று உணர்ந்த செல்லப்பா, 1959 சனவரியில் ‘எழுத்து’ என்ற மாத இதழைச் சொந்தக் கைப்பொருளைக் கொண்டு தொடங்கினார்.

‘எழுத்து’ 1970 வரை 119 இதழ்கள் வெளிவந்தது. அட்டைப்படம், தொடர்கதை, துணுக்கு, சினிமாச் செய்தி என்று அக்கால இதழ்கள் எவற்றை நம்பி நின்றனவோ அவை எதுவும் அதில் இல்லை. விமர்சனத்துக்கு முதலிடம் தந்தது. ந. பிச்சமூர்த்தியின் வழியில் யாப்பை விட்ட கவிதைக்குத் தொடர்ந்து இடமளித்தது. இலங்கைத் திருகோணமலையிலிருந்து எழுதிய தருமு சிவராமு (பிரமிள்), சி. மணி, எஸ். வைத்தீஸ்வரன், ‘பசுவய்யா’ என்ற பெயரில் கவிதை எழுதிய சுந்தர ராமசாமி, விமர்சகர் வெங்கட் சாமிநாதன் எனப் பலர் இதில் எழுதியே உருவானார்கள். 1962-இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தொகுத்துச் செல்லப்பா வெளியிட்ட ‘புதுக்குரல்கள்’ தமிழ்ப் புதுக்கவிதையின் முதல் தொகுப்பு.

முன்னோடிக் கலை எதை நம்பி வாழ்கிறது என்ற கேள்வியைக் கிரீன்பெர்க் எழுப்பியிருந்தார். அது பணக்கார வர்க்கத்தோடு ஒரு பொன் தொப்புள்கொடியால் பிணைக்கப்பட்டிருக்கிறது என்பது அவர் கருத்து. தமிழில் அப்படியொரு கொடி இருக்கவில்லை. செல்லப்பா தம் வெளியீடுகளைப் பையில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று தமிழாசிரியர்களிடமும் மாணவர்களிடமும் விற்றார். இதழை நடத்தியவர், மெய்ப்புப் பார்த்தவர், கட்டுக்கட்டியவர், விற்றவர் எல்லாம் ஏறத்தாழ அவர் ஒருவரே. ஐரோப்பிய முன்னோடிக் கலைக்குப் பின்னால் காட்சிக்கூட உரிமையாளரும் சேகரிப்பாளரும் இருந்தார்கள். தமிழ் முன்னோடி இதழுக்குப் பின்னால் இருந்தது ஆசிரியரின் குடும்பம். அந்தக் குடும்பங்கள் பட்ட கடனும் குறைவும் இலக்கிய வரலாறுகளில் ஒரு வரியாகக்கூட எழுதப்படுவதில்லை.

செல்லப்பாவின் படைப்புகளில் ‘வாடிவாசல்’ (1959) தனித்து நிற்கிறது. சல்லிக்கட்டைப் பற்றிய சிறிய நாவல் அது. வீரம், காதல், வில்லன் என்ற வாய்ப்பாடு எளிதாகப் பொருந்தக்கூடிய கதைக்களம். செல்லப்பா அந்த வழியில் போகவில்லை. ஒரே நாள், ஒரே இடம், மனிதனும் மாடும், இருவருக்கும் மேலே மேடையில் அமர்ந்திருக்கும் ஜமீன்தாரின் கௌரவம். மாட்டை அணைபவனின் கால் வைப்பும் மாட்டின் திமில் அசைவும் வட்டாரப் பேச்சில் நுணுக்கமாகச் சொல்லப்படுகின்றன. பொருள் மக்களுடையது, சொல்முறை புதியது. வெளிவந்த காலத்தில் சிறு வட்டத்துக்குள் இருந்த இந்நாவல், 21-ஆம் நூற்றாண்டில் பல பதிப்புகள் கண்டது, ஆங்கிலத்துக்குச் சென்றது, வரைகலை நாவலானது, வெற்றிமாறன் இயக்கத்தில் திரைப்படமாகவும் அறிவிக்கப்பட்டது. முன்னோடிக் கலைக்கு வாசகர் இல்லை என்று சொல்வது தவறு. அதன் வாசகர் பெரும்பாலும் காலம் கடந்து வருகிறார்.

செல்லப்பாவின் கடைசிப் பெரும்பணி ‘சுதந்திர தாகம்’ என்ற மூன்று பாக நாவல். முதுமையில் அதைத் தாமே வெளியிட்டார். 1998 டிசம்பரில் அவர் மறைந்தார். நாவலுக்குச் சாகித்திய அகாதமி விருது 2001-இல் வந்தது.

புதுக்கவிதையின் மறு பயணம்

‘எழுத்து’ வளர்த்த புதுக்கவிதை சிற்றிதழுக்குள்ளேயே நின்றிருந்தால் இந்த வரலாறு எளிமையாக முடிந்திருக்கும். 1971-இல் கோவையில் தோன்றிய ‘வானம்பாடி’ இயக்கம் புதுக்கவிதையைச் சமூக மாற்றத்துக்கான உரத்த குரலாக மாற்றியது. அந்த இயக்கத்தோடு தொடர்புடைய பெரியகுளத்துக் கவிஞர் மு. மேத்தாவின் ‘கண்ணீர்ப் பூக்கள்’ (1974), புதுக்கவிதை நூலுக்கும் பெரும் விற்பனை உண்டு என்று காட்டியது. கல்லூரி விடுதிகளிலும் திருமண வாழ்த்துகளிலும் அந்நூலின் நடை பரவியது. பின்னர் ‘வேலைக்காரன்’ (1987) முதலிய படங்களுக்கு மேத்தா பாடல் எழுதினார். 2006-இல் ‘ஆகாயத்துக்கு அடுத்த வீடு’ நூலுக்காகச் சாகித்திய அகாதமி விருது பெற்றார்.

வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்து 1972-இல் ‘வைகறை மேகங்கள்’ தொகுப்பை வெளியிட்டார். 1980-இல் ‘நிழல்கள்’ படத்தில் அவருடைய முதல் திரைப்பாடல் வந்தது. அந்தப் படத்தின் இயக்குநர் அல்லிநகரத்துப் பாரதிராஜா. இசை பண்ணைப்புரத்து இளையராஜா. மூவரும் இன்றைய தேனி மாவட்டத்தினர். புதுக்கவிதையின் படிமமும் உடைத்த வரியும் அதன்பின் திரைப்பாடலின் இயல்பான மொழியாயின.

இதைச் சிற்றிதழ் எழுத்தாளர்கள் மகிழ்ச்சியோடு வரவேற்கவில்லை. யாப்பை விட்டது புதிதாகச் சிந்திப்பதற்காகவே; அடுக்குச் சொல்லும் முழக்கமும் கண்ணீரும் யாப்பில்லாமல் திரும்பி வந்தால் என்ன பயன் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒரு வடிவம் கண்டுபிடிக்கப்படும்போது அதில் இடர் இருக்கிறது. அது வாய்ப்பாடாக மாறிய பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக் கையாளலாம். மறுபுறம், யாப்பிலக்கணம் கற்க வாய்ப்பில்லாத முதல் தலைமுறைக் கல்லூரி மாணவனும் மாணவியும் தாமும் எழுதலாம் என்று துணிந்தது ‘கண்ணீர்ப் பூக்கள்’ போன்ற நூல்களால்தான். அவர்களில் சிலர் அங்கிருந்து பிச்சமூர்த்திக்கும் பிரமிளுக்கும் வந்து சேர்ந்தார்கள். பலர் வரவில்லை. இரண்டும் உண்மை.

இந்தச் சர்ச்சையின் உச்சம் என்று 1975-ஆம் ஆண்டு ஞானபீடப் பரிசைச் சொல்லலாம். அகிலனின் ‘சித்திரப்பாவை’க்கு அப்பரிசு அறிவிக்கப்பட்டபோது சுந்தர ராமசாமி ‘போலி முகங்கள்’ என்ற கடுமையான கட்டுரையை எழுதினார். ‘போலி’ என்ற சொல் இங்கே கவனிக்கத்தக்கது. ‘கிட்ஷ்’ என்ற ஜெர்மன் சொல்லுக்குத் தமிழ் விமர்சனம் தானாகவே கண்டுபிடித்த நேர்ச்சொல் என்று அதைக் கொள்ளலாம். பொழுதுபோக்கு எழுத்து பொழுதுபோக்காகவே விற்கப்படும்போது யாருக்கும் இழப்பில்லை. அது இலக்கியத்தின் இருக்கையில் அமரும்போதுதான் போலியாகிறது என்பதே சிற்றிதழ்த் தரப்பின் வாதத்தின் சாரம்.

இரு கரைகளுக்கும் இடையே நின்றவர்களும் உண்டு. ஜெயகாந்தன் ‘சரஸ்வதி’ போன்ற சிற்றிதழிலிருந்து வந்து ஆனந்த விகடனில் எழுதினார். 1966-இல் அங்கு வெளிவந்த ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை தமிழகம் முழுவதும் வாதத்தைக் கிளப்பியது. சுஜாதா ‘குமுதம்’ இதழில் தொடர்கதையும் ‘கணையாழி’யில் கடைசிப் பக்கமும் ஒரே காலத்தில் எழுதினார்.

திரையும் இசையும்

திரைப்படத்தில் இந்த முரண் ஒரே படத்துக்குள் நிகழ்ந்ததை ‘16 வயதினிலே’ (1977) காட்டுகிறது. பாரதிராஜா இக்கதையை முதலில் ‘மயில்’ என்ற பெயரில், அரசுத் திரைப்பட நிதி நிறுவனத்தின் உதவியோடு சிறு செலவில் கருப்பு வெள்ளைக் கலைப்படமாக எடுக்க எண்ணினார். அது கைகூடவில்லை. எஸ்.ஏ. ராஜ்கண்ணு தயாரிப்பில், வண்ணத்தில், பாடல்களோடு, கமல்ஹாசன், ஸ்ரீதேவி, ரஜினிகாந்த் நடிப்பில் அது வெளிவந்தது. அரங்கத்துக் கிராமத்தை விட்டு வெளிப்புறத்தில் படமாக்கியதும், கோமணம் கட்டிய, கால் இழுத்து நடக்கும் சப்பாணியை நாயகனாக்கியதும் அன்றைக்கு இடரான முயற்சிகள். படம் பெருவெற்றி பெற்றது.

அடுத்து நடந்தது கிரீன்பெர்க் சொன்னதைப் போலவே நடந்தது. வெற்றியின் விளைவு நகலெடுக்கப்பட்டது. ஆற்றங்கரை, ஆலமரம், பஞ்சாயத்து, வெகுளிப் பெண், நகரத்திலிருந்து வரும் ஏமாற்றுக்காரன் என ஒரு வாய்ப்பாடு உருவாகிப் பல ஆண்டுகள் ஓடியது. பல படங்களில் கிராமம் என்பது சுவரில் மாட்டிய படம் போல ஆனது. தோட்டத்து வேலை, கூலி, சாதி, மலைப்பாதையில் ஜீப்பில் நெருக்கிக்கொண்டு தினமும் போடிமெட்டு ஏறும் பெண்களின் உழைப்பு ஆகியவை அந்தப் படத்துக்குள் அரிதாகவே வந்தன.

இசையின் கதை சற்று வேறு. இளையராஜாவின் மூத்த சகோதரர் பாவலர் வரதராஜன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியவர். தோட்டத் தொழிலாளர் நிறைந்த தேவிகுளம் தொகுதியில் 1958-இல் இடைத்தேர்தல் நடந்தபோது, கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காக அவர் பாடியது இந்த மலைப்பகுதியில் இன்றும் பேசப்படுகிறது. மக்களுக்குத் தெரிந்த மெட்டில் புதிய செய்தியை வைத்துப் பாடுவது அந்த மேடைகளின் முறை. அதில் பயின்ற இளையராஜா 1976-இல் ‘அன்னக்கிளி’ வழியாகத் திரைக்கு வந்தார். நாட்டார் மெட்டு, கருநாடக இராகம், மேற்கத்திய இசைக்கோவை மூன்றையும் பெருவாரி மக்கள் கேட்கும் பாடலுக்குள் வைத்தார். 1986-இல் ‘ஹவ் டு நேம் இட்’ என்ற கருவியிசைத் தொகுப்பையும், 2005-இல் ‘திருவாசகம்’ இசைப்படைப்பையும் வெளியிட்டார். 2025 மார்ச்சில் லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். நகரத்துக்கு வந்த மக்களின் நாட்டார் கலை அழிந்து அந்த இடத்தை மலிவுக் கலை பிடிக்கும் என்றார் கிரீன்பெர்க். நாட்டார் கலைஞனே ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்து அதன் தலைவனாகக்கூடும் என்பதை அவருடைய சட்டகம் எதிர்பார்க்கவில்லை.

ஓவியம்: ஒரே பள்ளி, இரு பாதைகள்

போடிநாயக்கனூர் ஜமீன் அரண்மனையில் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இராமாயணச் சுவரோவியங்கள் உள்ளன. நாயக்கர் கால மரபின் பிற்கால வடிவம் அவை. ஜமீன்தாரின் ஆதரவில் ஓவியர் வரைந்தார். ஆனால் அரண்மனைச் சுவர் எல்லார் கண்ணிலும் படுவதில்லை. சாமானியர் வீட்டுச் சுவருக்குத் தெய்வப் படம் வந்தது அச்சு இயந்திரத்தால். இரவி வர்மா 1894-இல் மும்பையில் அச்சகம் தொடங்கித் தம் ஓவியங்களை வண்ணப் பிரதிகளாக்கினார். தமிழகத்தில் தீப்பெட்டி முகப்புச் சீட்டுகளோடு வளர்ந்த சிவகாசி அச்சுத் தொழில் நாட்காட்டிப் படங்களுக்குத் தலைமையிடமாயிற்று. அதற்கு மிகுதியாக வரைந்து தந்தவர்கள் கோவில்பட்டியில் இருந்த சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவர் மாணவர்களும்.

கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். பிறகு நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்தவர். அதே பள்ளியின் முதல்வராக 1957 முதல் 1967 வரை இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். எழுத்தும் குறியும் கலந்த அரூப ஓவியங்களை வரைந்த அவர், 1966-இல் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக வழிகாட்டினார். அந்த நவீன ஓவியர்கள் நிலம் வாங்கியதும் வாழ்க்கை நடத்தியதும் ஓவியம் விற்ற பணத்தால் மட்டும் அன்று. பாட்டிக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான். சந்தைக்கு வெளியே நிற்க விரும்பியவர்கள் அந்த வாழ்வுக்கு விலை கொடுக்கச் சந்தைக்கே போனார்கள். அந்தப் பரம்பரையில் வந்த கே.எம். ஆதிமூலம் (1938–2008) சிற்றிதழ்களுக்கும் வரைந்தார்; கி. ராஜநாராயணனின் கரிசல் கட்டுரைகளுக்காக ஜூனியர் விகடனிலும் வரைந்தார். நவீனக் கோட்டோவியம் அவர் மூலம் தேநீர்க் கடை மேசைக்கு வந்தது.

நாட்காட்டிப் படத்தை மலிவுக் கலை என்று ஒதுக்குவது எளிது. ஏலத்தோட்ட லயத்தில், ஒற்றை அறையில், மழையில் ஊறிய சுவரில் ஆணியடித்து மாட்டிய முருகன் படம் அந்தக் குடும்பத்துக்குக் கோயில். கருவறைக்குள் செல்ல முடியாதவர்களின் வீட்டுக்குள் கடவுளைக் கொண்டுவந்தது அச்சுப்படம். ஓவியமாக அதை மதிப்பிடலாம். கைகூப்புகிறவரின் பக்தியை அதைக்கொண்டு மதிப்பிட முடியாது. ‘மலிவு’ என்ற சொல்லில் விலை குறைவு, தரக் குறைவு என்று இரண்டு பொருள் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் கொள்வதே இந்த விவாதத்தில் அடிக்கடி நேரும் தவறு.

மதிப்பீடு

இந்த வரலாற்றிலிருந்து சில முடிவுகளைத் தொகுத்துச் சொல்லலாம்.

முதலாவது, முன்னோடிக் கலையும் மலிவுக் கலையும் நிலையான இரு முகாம்கள் அல்ல. இன்றைய புதுமை நாளைய வாய்ப்பாடு. ‘எழுத்து’ இதழில் சில நூறு பேர் படித்த வடிவம் இருபது ஆண்டுகளில் திரைப்பாடலாயிற்று; இன்று பிறந்தநாள் வாழ்த்தாகக் கைப்பேசியில் சுற்றுகிறது.

இரண்டாவது, பெரும்பான்மை மக்களுக்குப் பிடித்திருப்பது ஒரு படைப்பின் குற்றமாகாது. சிலருக்கு மட்டும் புரிவது அதன் தகுதியும் ஆகாது. சிற்றிதழ்களிலும் நகல் உண்டு. புரியாமையையே வாய்ப்பாடாக்கிக்கொண்ட கவிதைகள் புதுக்கவிதை இதழ்களில் ஏராளம் வந்தன. அவையும் சாயமேற்றிய காய்களே.

மூன்றாவது, இவை இரண்டையும் ஒப்புக்கொண்ட பிறகும் வேறுபாடு மறைந்துவிடுவதில்லை. எல்லாம் ஒன்றுதான், ரசனை அவரவர் விருப்பம் என்று முடிப்பது மாணவர்களுக்கு நாம் செய்யும் அநீதி. ஒரு படைப்பைப் படித்து முடித்தபின் சில கேள்விகளைக் கேட்கலாம். இது எனக்கு முன்பே தெரிந்ததை மட்டும் திரும்பச் சொன்னதா? நான் அழ வேண்டிய இடத்தை அதுவே அம்புக்குறியிட்டுக் காட்டியதா? இரண்டாம் முறை படித்தால் புதிதாக ஏதாவது தெரிகிறதா? அதில் வரும் மனிதர் எங்காவது என் எதிர்பார்ப்பை மீறினாரா? ‘வாடிவாசல்’ இந்தக் கேள்விகளுக்கு ஒரு விதமாகவும், வார இதழ்த் தொடர்கள் பெரும்பாலும் வேறு விதமாகவும் விடை தரும். எந்தப் பெயரில், எந்த இதழில் வந்தது என்று பாராமல் ஒவ்வொரு படைப்பாக இப்படிக் கேட்டுப் பழகுவதே பயன் தரும்.

நான்காவதாக ஒன்று. பொருள்வளம் இல்லாமல் முன்னோடிக் கலை வாழாது என்ற உண்மை மாறவில்லை. செல்லப்பா புத்தகப் பையோடு ஏறி இறங்கிய கல்லூரிகளில் அவருக்குக் கதவைத் திறந்தவர்கள் சில தமிழாசிரியர்கள். தாம் ஒரு பிரதி வாங்கி, வகுப்பில் சொல்லி, மேலும் இரண்டு மாணவர்களை வாங்கச் செய்தவர்கள். அவர்களுடைய பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை. ஊர் நூலகத்திலும் பள்ளி நூலகத்திலும் ‘புதுக்குரல்கள்’, ‘வாடிவாசல்’, ‘மணிக்கொடி காலம்’ இருக்கின்றனவா என்று பார்ப்பதும், இல்லையென்றால் கேட்டு வரவழைப்பதும் இன்றைய மாணவர்களும் ஆசிரியர்களும் செய்யக்கூடிய வேலை. இந்த மலையடிவாரத்து மாணவர்களுக்கு அது தங்கள் சொந்த ஊர் வரலாறும்கூட.